பால் பவுடர் டப்பாவில் மண்

உலகத்தில் உள்ள மதங்களையெல்லாம் இரண்டே வருஷத்தில் படித்து முடித்துவிடலாம் என்று எங்கள் பல்கலைக்கழகம் நம்பியது. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. பொருளாதாரத்தில் இடம் கிடைக்கவில்லை, வரலாற்றிலும் கிடைக்கவில்லை. சமயங்களின் ஒப்பாய்வில் மட்டும் பெஞ்சுகள் காலியாக இருந்தன, போய் உட்கார்ந்துவிட்டேன். மணிமங்கலத்தில் எங்கள் அப்பா, "சாமியாராப் போறதுக்கா படிக்கிற?" என்று கேட்டார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போல வந்து விழுந்தவர்கள்தான். இதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தவள் ஒருத்தி மட்டுமே இருந்தாள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. பிள்ளைப்பாக்கத்துக்காரி. எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அக்கா. தோல் கம்பெனி ஒன்றில் லைனில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டே தபால் வழியில் பட்டம் வாங்கியவள். அந்த வேலையை விட்டுவிட்டு மதம் படிக்க வந்திருந்தாள். ஊரில் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நானும் ஒருநாள் கேட்டேன், ஏன் அக்கா என்று.

"ஒண்ணு தெரிஞ்சிக்கணும் தம்பி. அதான்."

அந்த ஒன்று என்ன என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. பேராசிரியர் நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுவார். எந்த மதத்தை எடுத்தாலும் தோற்றம், நூல்கள், கோட்பாடு, பிரிவுகள் என்று வரிசையாகப் போய் முடித்துவிட்டு, "ஏதாவது சந்தேகம்?" என்பார். பின்பெஞ்சில் அவள் எழுந்து நிற்பாள்.

"இவங்கள்ல ஒருத்தரு செத்துட்டா, அந்த ஆளு யாருக்கு சார் சொந்தம்?"

முதல் தடவை அவருக்குப் புரியவில்லை. "சொந்தம்னா?"

"எப்ப எடுக்கணும், எங்க வைக்கணும்னு யாரு சார் சொல்லணும்? பொண்டாட்டியா, அண்ணன் தம்பியா, கோயிலா?"

அவர் ஆன்மாவைப் பற்றி ஆரம்பித்தார். ஆன்மா எங்கே போகிறது, எப்படித் திரும்புகிறது, எதில் கலக்கிறது என்று நீளமாகச் சொன்னார். அவள் உட்காராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆன்மா போயிடுது சார், அது எனக்குப் புரியுது. மீதி கெடக்குதே, அதக் கேக்கறேன்."

"அது தேர்வுக்கு வராதும்மா," என்றார். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஆனால் விடவில்லை. பௌத்தம் நடத்தினார், கேட்டாள். சமணம் நடத்தினார், கேட்டாள். பார்சிகள் பிணத்தைக் கழுகுக்கு வைப்பார்கள் என்று அவர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் முகம் சுளித்தோம். அவள் மட்டும், "கழுகு வர்றதுக்கு முன்னாடி யாராச்சும் சண்டைக்கு வந்தா இன்னா பண்ணுவாங்க சார்?" என்றாள். சாவு அக்கா என்று பெயர் வைத்துவிட்டோம். அது அவள் காதுக்கும் போயிற்று. பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு அவளுக்கு. கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன் மேஜைக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். எறும்புச் சாரி இருந்தால் வேறு மேஜைக்குப் போவாள். எல்லா மேஜையிலும் இருந்தால் சாப்பிடாமல் மூடிவிடுவாள். எறும்புக்குப் பயப்படுகிற ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, கிண்டல் செய்தேன். அன்று மாலை தாம்பரம் போகும் மின்சார ரயிலில், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, தானாகவே சொன்னாள்.

அவள் அம்மா கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ஊரில் விவசாயம் பார்க்கிற இந்துக் குடும்பம். கல்யாணத்துக்காக அப்பா ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனால் உள்ளே போகாமல் புளியமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டு பூசை முடியும்வரை நிற்பார். ஆடி மாதம் அம்மன் கோயில் கூழுக்கு அடுப்பு மூட்டுகிறவரும் அவர்தான். உயிரோடு இருந்தவரை யாரும் அவரை என் ஆள் உன் ஆள் என்று இழுக்கவில்லை. ஒருநாள் காலையில் வரப்பில் விழுந்து செத்துப்போனார். அவளுக்கு அப்போது பாவாடை சட்டை போடுகிற வயசு.

"எங்க பெரியப்பா மேளத்தோட வந்துட்டாரு. கோயில்காரங்க சிலுவையோட வந்துட்டாங்க. ரெண்டு பேரும் தெருவுல நின்னுக்கினு, எங்க ஆளு எங்க ஆளுன்றாங்க. எங்கம்மாவ ஒருத்தரும் கேக்கல. அன்னிக்கு எடுக்கல. மறுநாள் சாயங்காலம் போலீஸ் வந்து சொன்னப்புறம் தான் எடுத்தாங்க. நல்ல வெயிலு. அம்மா விசிறிக்கினே இருந்துச்சு. பெஞ்சு கால்ல எறும்பு ஏறாம பாத்துக்கறது என் வேல."

அதற்குப் பிறகு கேன்டீனில் எனக்கும் மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

அப்பாவை ஊர்ச் சுடுகாட்டில் வைத்தார்கள். அவர்கள் வகையறாவில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். மேட்டின் தலைமாட்டில் ஒரு கற்றாழையை நட்டதோடு சரி. வருஷா வருஷம் நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால், மற்ற கிறிஸ்தவர்கள் தங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் பூவும் மெழுகுவத்தியுமாகப் போவார்கள். அவள் அம்மா மட்டும் எதிர்ப்பக்கமாக நடந்து ஊர்ச் சுடுகாட்டுக்குப் போய், அந்தக் கற்றாழைக்குக் கீழே ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார். முதல் வருஷம் பெரியப்பா வீட்டில் சத்தம் போட்டார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

நான் பார்க்கும்போது அந்த அம்மா படுக்கையில் இருந்தார். நெஞ்சில் நீர் கோத்துக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவருக்கு ஓர் ஆசை மட்டும் மிச்சமிருந்தது. புருஷன் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அதைத்தான் இரண்டு பக்கமும் முடியாது என்றார்கள். ஊர்ச் சுடுகாட்டில் பாதிரியார் கால் வைக்கக் கூடாது, சிலுவை நடக் கூடாது என்றார் பெரியப்பா. மந்திரிக்காத மண்ணில் எங்கள் சபையின் பெண்ணை வைக்க முடியாது, நான் வந்து மந்திரித்தால்தான் ஆகும் என்றார் மாதா கோயில் பாதிரியாரான பங்குச் சாமியார். அவர் வந்தால் இவர்கள் விடமாட்டார்கள், வராவிட்டால் அவர்கள் விடமாட்டார்கள். அம்மாவும் அப்பாவைப் போலத் தெருவில் கிடக்கப்போகிறாள் என்ற பயம் அக்காவைத் தூங்கவிடவில்லை. வேலையை விட்டுவிட்டு அவள் வகுப்பில் வந்து உட்கார்ந்தது இதற்காகத்தான். உலகத்தில் யாராவது, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனாவது, இந்தச் சிக்கலுக்கு வழி கண்டுபிடித்திருப்பான் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் கால்வாசி எங்களுக்கு இருந்திருந்தால் நாங்கள் உருப்பட்டிருப்போம்.

வழி கிடைக்கவும் செய்தது. சென்னையில் யூதர்களின் பழைய கல்லறை ஒன்றுக்குப் பேராசிரியர் எங்களைக் கூட்டிப்போனார். சின்ன இடம், நாலைந்து கல், படிக்க முடியாத எழுத்து. அவர்களில் ஒரு குடும்பம்கூட இப்போது பக்கத்தில் இல்லை என்றார். அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். "அப்ப இவங்க யாருக்கு சார் சொந்தம்?"

பேராசிரியர் யோசிப்பதற்குள், வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த காவல்காரக் கிழவர் சொன்னார். "சாவி என்கிட்ட கீதும்மா."

எல்லோரும் சிரித்தோம். திரும்பி வரும்போது பேராசிரியர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். தூரதேசத்தில் சாகிற யூதர்களுக்குத் தங்கள் புண்ணிய பூமியில் அடங்கக் கொடுத்துவைக்காது. அதனால் அந்த மண்ணிலிருந்து கொஞ்சம் வரவழைத்துக் குழியில் போடுவதுண்டு. அவள் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவள் மேல் இடித்துக்கொண்டு திட்டிவிட்டுப் போனார்கள்.

"தம்பி," என்றாள். "சாமியாரு மண்ணுகிட்ட போவ முடியலன்னா, மண்ணு சாமியாருகிட்ட வரலாம் இல்ல?"

அவ்வளவுதான் விஷயம். அப்பா மேட்டிலிருந்து மண் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும். சாமியார் அங்கேயே மந்திரித்துவிடுவார். அம்மா போகும்போது அந்த மண்ணைக் குழியில் முதலில் கொட்டிவிட்டால், அம்மா கிடப்பது மந்திரித்த மண்ணில், சாமியாரோ சுடுகாட்டுப் பக்கமே வரவில்லை. பெரியப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் நெடுநேரம் மோவாயைத் தடவிவிட்டு, "மேளம் எங்க மேளந்தான்," என்றார். சரி என்றாள். சாமியாரிடம் போனாள். "செமினரியில இதைச் சொல்லித் தரலையேம்மா," என்று சிரித்தார். ஆனால் அவரும் மறுக்கவில்லை.

மண் எடுக்கப் போனபோது நானும் போனேன். பெரியப்பா தன் மகனைத் துணைக்கு அனுப்பியிருந்தார். செங்கல் லாரியில் ஏற்றுகூலிக்குப் போகிற பையன், மீசை அப்போதுதான் தடித்திருந்தது. கற்றாழை இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதன் காலடியில் பழைய மெழுகு வழிந்து வழிந்து தட்டையாகக் கிடந்தது. அந்தப் பையன் மெழுகின் மேல் மண்வெட்டி படாமல், பக்கத்தில் பதமாக வெட்டிக் கொடுத்தான். பால் பவுடர் டப்பா ஒன்றில் நிரப்பினாள். சாமியார் அதன் மேல் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். டப்பா அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். உலகத்து மதங்களுக்கெல்லாம் சேர்த்துப் பரீட்சை எழுதி, அதில் தான் ஒருத்தி மட்டும் தேறியவள் மாதிரி இருந்தாள்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷப் பொங்கல் சமயம். அப்போதே சுடுகாட்டைச் சுற்றியிருந்த நிலத்தில் சர்வே கல் நட்டிருந்தார்கள். எங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரகடம் வழியில் அங்கங்கே கல் நடுவதும், காரில் வருகிறவர்கள் வரப்பில் நின்று கையை நீட்டிப் பேசுவதும் அப்போது சகஜமாகிக்கொண்டிருந்தது. பெரியப்பாவே தன் கழனியைக் கொடுத்துவிட்டு, கம்பெனி வந்தால் மகனுக்கு வேலை என்ற வாக்கையும் வாங்கியிருந்தார். சித்திரையில் காம்பவுண்டுச் சுவர் எழும்பியபோதுதான் தெரிந்தது, சுடுகாடு சுவருக்கு உள்ளே போய்விட்டது என்று. ஊருக்கு ஏரிக்கரையில் வேறு இடம் காட்டினார்கள். கேட்கப் போகலாம் என்றால் தேர்தல் நேரம். தேர்தலுக்கு நடுவில் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். அதன்பிறகு எந்த அதிகாரியிடம் போய், எங்கள் சுடுகாட்டைக் காணோம் என்று சொல்வது? ஊர் பெயரைச் சொன்னாலே நிற்கவைத்து விசாரித்தார்கள். அந்த அமளி அடங்குவதற்குள் மேடுகளையெல்லாம் நிரவி, மேலே ஜல்லி கொட்டிவிட்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் கத்தவில்லை. சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். படுத்திருந்த அம்மா கேட்டார். "அப்ப உங்கப்பா எங்கதான் போயிட்டாரு?"

"எங்கயும் போவல. உன் கட்டுலுக்கு அடியிலதான் கீறாரு."

அந்த அம்மா கையைத் தொங்கவிட்டு டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கல்லறைத் தோட்டத்திலேயே என்னை வைத்துவிடு, டப்பா மண்ணை என்னோடு போட்டுவிடு, அது போதும் என்றார். இனிச் சண்டைக்கு இடமே இல்லை என்று நாங்கள் நினைத்தோம். கேட்டது கிடைக்காவிட்டாலும், அம்மா தெருவில் கிடக்க வேண்டியிருக்காது.

ஆனி மாதத்தில் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். சேதி கேட்டுக் காலையிலேயே போனேன். வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சில் கிடத்தி, கையில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். கோயில் பெரியவர்கள் பெட்டியோடு வந்திருந்தார்கள். பெரியப்பாவும் பங்காளிகளும் வந்தார்கள். மேளம் இல்லை. பெரியப்பா தலைமாட்டில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"அந்த டப்பாவ எங்களுக்குக் குடுத்துடும்மா."

அவளுக்கு விளங்கவில்லை.

"என் தம்பி மட்டும் இல்ல. எங்கப்பன், எங்காத்தா, எங்க தாத்தன் எல்லாரும் அந்த மண்ணுலதான கெடந்தாங்க. இப்ப எல்லாத்துக்கும் மேல ஜல்லி. ஏரிக்கரையில புதுசா ஆரம்பிக்கப் போறோம். அங்க போடறதுக்குப் பழைய மண்ணு ஒரு புடி இல்ல எங்ககிட்ட. அந்த டப்பாவுலதான் கீது."

கோயில் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். "அது மந்திரிச்ச மண்ணு. வெளியில குடுக்கக் கூடாது."

"உங்க மண்ணா அது? எங்க சுடுகாட்டு மண்ணு."

"உங்க சுடுகாடா? நீங்க தான வித்தீங்க?"

அவ்வளவுதான், தெரு இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமே என்று யாரோ சொன்னார். "என் தம்பிய கூறு போடச் சொல்றியா?" என்று பெரியப்பா அவர் மேல் பாய்ந்தார். இந்தப் பக்கமும், மந்திரித்த பொருளைப் பங்கு போடுவது பாவம் என்றார்கள். வெயில் பந்தலுக்குள் இறங்கி வந்துவிட்டது. இத்தனைக்கும் இரண்டு பக்கமும் கெட்ட மனிதர்கள் யாரும் கிடையாது. அந்த அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர்கள், மருந்து வாங்கி வந்தவர்கள்தான். ஆனாலும் ஒருத்தரும் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பெஞ்சின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். சுவரோரமிருந்து மெல்லிசாக ஒரு சாரி கிளம்பி, பெஞ்சுக் கால் வரைக்கும் வந்திருந்தது.

எழுந்து உள்ளே போனாள். டப்பாவோடு வந்து பெரியப்பா கையில் வைத்தாள்.

"எடுத்துக்குனு போ பெரியப்பா. எங்கம்மா காத்துக்கினு கீது."

கோயில் பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு பெட்டியை எடுக்கச் சொன்னார். அந்த அம்மாவைக் கல்லறைத் தோட்டத்தில், அவர் கேட்ட ஒரு பிடி மண்கூட இல்லாமல், நேரத்தோடு அடக்கம் செய்துவிட்டோம். அக்கா அன்று அழுததாக எனக்கு நினைவில்லை. நான்தான் அழுதேன்.

வகுப்பு மறுபடி தொடங்கியதும் வந்தாள். அதே பின்பெஞ்சு. பேராசிரியர் சீனத்து மதங்களை நடத்தி முடித்தார். "ஏதாவது சந்தேகம்?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவள் பக்கம் பார்த்தார். நாங்களும் திரும்பினோம். அவள் எழுதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவர் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாவு அக்கா என்று கூப்பிடவும் எங்களுக்கு வாய் வரவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. வருகிறாயா என்று கேட்டாள், போனேன். அம்மாவின் குழிமேட்டில் செவ்வந்தி தூவி, மெழுகுவத்தி ஏற்றி, எல்லோரோடும் நின்று ஜெபம் சொன்னாள். இன்னொரு மெழுகுவத்தி பையில் இருந்தது. ஏரிக்கரைக்குப் போவாள் என்று நினைத்தேன், டப்பா மண்ணைப் பெரியப்பா அங்கேதான் கொட்டியிருந்தார். அவள் கம்பெனிச் சுவரைப் பார்த்து நடந்தாள்.

"மண்ணு தான் அங்க கீது," என்றாள். "ஆளு இங்கதான் கீறாரு."

கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கற்றாழை இருந்த இடத்துக்கு நேராக இருக்கும் என்று அவளே கணக்குப் போட்டு, சுவரின் காலடியில் மண்ணைக் குவித்து மெழுகுவத்தியை நட்டு ஏற்றினாள். கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தான். கிட்டே வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. மண் வெட்டிக் கொடுத்த பெரியப்பா மகன். காக்கிச் சட்டை, தொப்பி, கால் அளவுக்குச் சேராத பெரிய ஷூ.

"யக்கா, இங்க வைக்காத. கம்பெனி எடம். சூப்பர்வைசர் பாத்தாருன்னா என் வேல போயிடும்."

"உன் சித்தப்பாடா."

"தெரியும்க்கா."

அவன் கேட்டைத் திரும்பிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். "என் ஷிஃப்ட் முடியற வரைக்கும் எரியட்டும். அடுத்து வர்றவன் வெளியூரு ஆளு. அவன் வர்றதுக்குள்ள அணைச்சுருவேன். நீ தப்பா நெனச்சிக்காத."

ரோட்டைத் தாண்டி எதிரே பஸ்ஸுக்காக நின்றோம். அவள் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அடிக்கிற பக்கமாக அவன் நகர்ந்து நகர்ந்து நின்றான். ஒரு கம்பெனி பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. சங்கு ஊதியது. அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"அணைச்சிட்டானா?" என்றாள், திரும்பாமலே.

"அணைச்சிட்டான்."

"கையாலயா, காலாலயா?"

"கையால."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பஸ் வந்ததும் முதலில் ஏறி, எனக்கும் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைத்தாள்.